ஒரு பல்புக்குப் போட்ட ஒயர்

பாச்சலூரில் எங்கள் பாட்டி கிரைண்டர் போடும் முன் ஒரு மரப்பலகையை இழுத்துப் போட்டு அதன் மேல்தான் நிற்பார். "இல்லேன்னா சுருக்குனு இழுக்கும்டா" என்பார். சின்ன வயதில் அது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்தேன். எலக்ட்ரிகல் படிக்க வந்த பிறகுதான், அந்த வீட்டில் இருந்த ஒரே பாதுகாப்புச் சாதனம் அந்தப் பலகைதான் என்பது புரிந்தது. நம் வீடுகளில் கரண்ட் வந்த கதையைத் தேடிப் படிக்க அதுவே காரணம்.

சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1932-ல். மாநில மின்வாரியம் 1957-ல் வந்தது. ஏழை வீடுகளுக்குக் கரண்ட் போனது அதற்கும் பிறகு. குடிசைக்கு ஒரு விளக்கு என்று தமிழக அரசு இலவச இணைப்பு கொடுத்தது. 1988-89-ல் மத்திய அரசும் குடிர் ஜோதி என்ற பெயரில் அதையே செய்தது. ஒரு பல்பு, மெல்லிய ஒயர், ஒரு ஃபியூஸ் கட்டை, அவ்வளவுதான். அன்றைக்கு அது போதும்.

2006-க்குப் பிறகு இலவசக் கலர் டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். சாமான்கள் வந்துவிட்டன, சுவரில் இருந்த ஒயரை யாரும் மாற்றவில்லை. அரசியலுக்குள் நான் போகவில்லை (அதற்குத் தனிப் பதிவு வேண்டும்!). எத்தனை வீடுகளில் மூன்று பின் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை என்பதுதான் என் கவலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே, இணைப்புக் கொடுக்கும் முன் ஒயரிங்கில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கான மெக்கர் கருவி இங்கிலாந்தில் 1889-ல் எவர்ஷெட் என்பவர் செய்தது. எங்கள் வீட்டில் கடைசியாக எப்போது மெக்கர் வைத்துப் பார்த்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்படின்னா என்ன?" என்றார்.

"ஃபியூஸ் இருக்கே" என்பார்கள் பலர். அங்கேதான் தப்பு. 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கலிஃபோர்னியா பேராசிரியர் சார்லஸ் டால்சீல் ஆட்களை வைத்தே சோதித்துச் சொன்னது: சுமார் 16 மில்லி ஆம்பியரிலேயே சராசரி ஆணால் கையை விடுவிக்க முடியாது, பெண்ணுக்கு 10.5. ஃபியூஸ் உருக வேண்டிய அளவில் முந்நூறில் ஒரு பங்குதான் இது!

இந்தக் கசிவை உணர்ந்து உடனே நிறுத்தும் கருவி தென்னாப்பிரிக்காவில் வீடுகளுக்கு வந்த கதை முக்கியம். ஸ்டில்ஃபொன்டெய்ன் என்ற தங்கச் சுரங்க ஊரில் ஒரு வீட்டில் ஷாக் அடித்து உயிர் போனது. 1957-58-லேயே அங்கே சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்திவிட்டார்கள். இந்தியாவில் 2010 ஒழுங்குமுறைகள் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்றன. ஆனால் அப்போது 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு விலக்கு இருந்தது. பாட்டி வீடு அதில் பாதி கூட வராது. நம் நாட்டில் ஷாக் அடித்துச் சாகிறவர்கள் வருடத்துக்கு 10,000 பேருக்கும் மேல்.

ஷாக் மட்டுமில்லை, தீயும்தான். 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் வீடியோ விளக்கு ஒயரிலிருந்து தீப்பொறி பறந்தது. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பொங்கல் லீவில் டெஸ்டரோடு பாட்டி வீட்டில் இறங்கினேன். கிரைண்டர் பாடியில் வைத்ததும் டெஸ்டர் எரிந்தது. மெயினை அணைத்து சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனை காலி. ஒட்டன்சத்திரத்திலிருந்து லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வரவழைத்தோம். மலையில் பாறைதான் தொல்லை. இரண்டு இடம் தோண்டி மூன்றாவதில்தான் எர்த் குழி ஆழம் கிடைத்தது. கரியும் உப்பும் போட்டு மூடி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம்.

முதல் மழையிலேயே அது இரண்டு தடவை டிரிப் ஆனது. "இதுக்குப் பழசே தேவலாம்" என்று பாட்டி திட்டினார். தேடிப் பார்த்தால் வாசல் விளக்கு ஹோல்டருக்குள் தண்ணீர். தினமும் ஈரக்கையோடு அவர் போடும் விளக்கு அது.