காலப்பயணியின் கள்ள நோட்டும் நம் வாழைமர நோட்டும்



காலம் கடந்து செல்லும் கற்பனைத் தொடர்களில், பயணியின் சட்டைப்பையில் உள்ள பணத்தைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கவலைப்படுவதில்லை. கவலைப்பட்ட தொடர் ஒன்று உண்டு. 1993 முதல் 1999 வரை பிபிசி ஒளிபரப்பிய ‘குட்நைட் ஸ்வீட்ஹார்ட்’ என்பதே அது.

தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் கேரி ஸ்பாரோ, இலண்டன் சந்து ஒன்றின் வழியே 1940-ஆம் ஆண்டிற்குள் நுழைகிறான். அவன் காலத்துப் பணம் அங்குச் செல்லாது. அச்சுத் தொழில் செய்யும் நண்பன் ரான், பழைய வெள்ளை நிற 5 பவுன் நோட்டுகளை அச்சடித்துத் தருகிறான். 1940-இல் 5 பவுன் என்பது ஒரு தொழிலாளியின் சராசரி வார வருமானத்தையும் விஞ்சிய தொகை!

தொடருக்கு இது நகைச்சுவை. எனக்கோ ஒரு வினா எழுகிறது: ஓர் அரசே இப்படி நோட்டுகளை அச்சடித்துக் கொட்டினால் வரலாறு என்னவாகும்?

இதை மெய்யாகவே முயன்றவர்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள், சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் யூதக் கைதிகளைக் கொண்டு பிரிட்டிஷ் நோட்டுகளைக் கள்ளமாக அச்சிட்டனர். பிரிட்டனின் பொருளாதாரத்தைக் குலைப்பதே முதலில் எண்ணிய நோக்கம். அது நிறைவேறவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில், ஓர் அரசு அளவின்றி நோட்டு அச்சிட்டதன் விளைவை மலாயாவும் சிங்கப்பூரும் அனுபவித்தன. ஜப்பானியர் வெளியிட்ட 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. தொடக்கத்தில் இருந்த வரிசை எண்ணும் பின்னர் மறைந்தது. அரிசி குறைந்தது, தாள் பெருகியது, விலை விண்ணை முட்டியது. 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அந்நோட்டுகளை ஏற்க மறுத்தது. உழைத்துச் சேர்த்த குடும்பங்களின் கையில் வெறுந்தாளே எஞ்சியது.

“அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு” என்று நாம் பிள்ளைகளிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. அன்றைய விலையைச் சொல்லும்போது அன்றைய கூலியையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். ஒரு படி அரிசிக்கு எத்தனை நாழிகை உழைத்தார்கள் என்று மாணவரைக் கேட்கச் செய்வோம். எண் மட்டும் விலையாகாது; அதன் பின்னுள்ள உழைப்பே வரலாறு.