மண்ணில் புதைந்த மறைநூல்
மடகாஸ்கர் திருச்சபை வளர்ந்த வரலாறு

ஒரு சமயம் புதியதொரு நாட்டில் வேரூன்ற வேண்டுமாயின் அரசின் ஆதரவும் அயல்நாட்டு மறைப்பணியாளரின் உழைப்பும் இன்றியமையாதன என்பது பொதுவான எண்ணம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் அமைந்த மடகாஸ்கர் தீவின் கிறித்தவ வரலாறு இவ்வெண்ணத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. மறைப்பணியாளர் வெளியேறி, அரசு பகையாக நின்ற கால் நூற்றாண்டில்தான் அங்குத் திருச்சபை வேர்கொண்டது. அவ்வேருக்கு நீர் வார்த்தது மக்களின் தாய்மொழி. சொல்லையே செல்வமாகப் போற்றும் கவிஞர் பெருமக்கள் இவ்வரலாற்றை அறிதல் நலம்.

எழுத்து வந்த வழி

மலகாசி மொழி ஆப்பிரிக்கப் பெருநிலத்து மொழிகளின் இனத்தைச் சார்ந்ததன்று. போர்னியோத் தீவின் மானியன் மொழியே அதற்கு மிக நெருங்கிய உறவு. கபாரி என்னும் அவைப்பேச்சும், ஒஹபோலனா என்னும் பழமொழியும், ஹைன்தெனி என்னும் கவிதையும் அம்மக்களின் வாய்மொழிச் செல்வங்கள். தென்கிழக்குக் கரையில் அரபு எழுத்தில் மலகாசியை எழுதும் மரபு முன்பே இருந்தது. ஆயினும் அது ஒரு சிலர்தம் உடைமையாகவே நின்றது.

1818-இல் லண்டன் மறைப்பணிக் கழகத்தின் சார்பில் வேல்ஸ் நாட்டு இளைஞர்களாகிய டேவிட் ஜோன்ஸும் தாமஸ் பெவனும் கிழக்குக் கரையில் வந்திறங்கினர். சில மாதங்களுக்குள் பெவனும், இருவர்தம் மனைவி மக்களும் நோய்க்கு இரையாயினர். எஞ்சிய ஜோன்ஸ் 1820-இல் தலைநகர் அன்டனனரிவோவை அடைந்து, முதலாம் ரடாமா மன்னனின் இசைவுடன் பள்ளி தொடங்கினார். மன்னன் விரும்பியது கல்வியையும் கைத்தொழிலையும், சமயத்தை அன்று. 1823-இல் இலத்தீன் எழுத்தே நாட்டின் எழுத்தென மன்னன் முடிவு செய்தான். மெய்கள் ஆங்கில முறையிலும் உயிர்கள் பிரெஞ்சு முறையிலும் அமைந்தன. 1826-இல் அச்சுப்பொறி வந்தது. 1830-இல் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1831-இல் முதல் திருமுழுக்கு நிகழ்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் இறைவனைக் குறிக்க அயற்சொல் எதனையும் கொணரவில்லை. மக்கள் நாவில் வழங்கிய ‘அன்ட்ரியமனித்ரா’ என்னும் சொல்லையே ஏற்றனர். ‘நறுமணமுடைய தலைவன்’ என்பது அதன் சொற்பொருள். புதிய சமயம் பழைய சொல்லுக்குள் குடியேறியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

தடையும் தலைமறைவும்

ரடாமா 1828-இல் மறைந்தபின் அவன் மனைவி முதலாம் ரனவலோனா அரியணை ஏறினாள். ஐரோப்பியர் எழுதிய நூல்கள் பலவும் அவளைக் கொடுங்கோன்மையின் வடிவாகவே தீட்டியுள்ளன. அவள் இழைத்த கொடுமைகளை மறைப்பதற்கில்லை. எனினும் அவளது அச்சத்திற்கும் காரணம் இருந்தது. முன்னோர் வழிபாடும் அரசகுலத்தின் காப்புப் பொருள்களுமே அவ்வரசின் கால்கோள். அவற்றை வணங்க மறுப்பவர் அரசையே மறுப்பவர் எனக் கருதினாள். 1835 மார்ச் முதல் நாள், தன் குடிகள் கிறித்தவம் தழுவுதல் கூடாதென ஆணையிட்டாள்.

அவ்வாண்டு ஜூனில், உள்நாட்டுத் தொழிலாளர் துணையின்றியே மறைப்பணியாளர் விவிலியத்தின் அச்சுப்பணியை நிறைவு செய்தனர். எஞ்சிய ஏறத்தாழ 70 படிகள் நம்பிக்கையாளரால் மண்ணில் புதைத்து வைக்கப்பட்டன. 1836-இல் இறுதி மறைப்பணியாளரும் தீவை விட்டகன்றனர்.

1837 ஆகஸ்ட் 14 அன்று ரசலாமா என்னும் பெண், பாடல் இசைத்தவாறே அம்போஹிபோட்சி என்னும் கொலைக்களத்திற்கு நடந்து, வேலால் குத்துண்டு இறந்தாள். அத்தீவின் முதல் இரத்தசாட்சி ஒரு பெண்ணே. 1849 மார்ச்சில் 14 பேர் செங்குத்துப் பாறையிலிருந்து வீழ்த்தப்பட்டனர், நால்வர் எரியுண்டனர். தண்டமும் அடிமைத்தளையும் அடைந்தோர் பலர்.

குருவும் இல்லை, கோயிலும் இல்லை. குகைகளிலும் காடுகளிலும் நள்ளிரவில் கூடினர். நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பகிர்ந்தனர், கையால் படியெடுத்தனர், மனப்பாடம் செய்தனர். தடை தொடங்கியபோது சில நூறு பேராக இருந்தோர், 1861-இல் அரசி மறைந்தபோது சில ஆயிரவராகப் பெருகியிருந்தனர்.

அரியணை ஏறிய சமயம்

இரண்டாம் ரடாமா தடையை நீக்கினான். 1869 பிப்ரவரியில் இரண்டாம் ரனவலோனா அரசியும் தலைமை அமைச்சர் ரைனிலையரிவோனியும் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டே அரச காப்புப் பொருள்கள் தீக்கிரையாயின. கொலைக்களங்களில் நினைவுக் கோயில்கள் எழுந்தன. மக்கள் திரள் திரளாகச் சபையில் சேர்ந்தனர்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் காணுதல் ஆய்வாளர் கடன். சபையும் பள்ளியும் அரசின் கருவிகளாயின. கூலியில்லாக் கட்டாய உழைப்பிற்கு ஆள் திரட்டவும் பயன்பட்டன. சபையோர் பலர் அடிமைகளை உடையோராகவும் இருந்தனர். 1895-இல் வெடித்த மெனலம்பா கிளர்ச்சியில் கோயில்கள் எரிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒருகாலத்தில் துன்புற்றோரின் புகலிடமாய் இருந்த சபை, ஆள்வோரின் அடையாளமாகிவிட்டிருந்தது.

மீண்டும் மக்களிடம்

1883-இல் பிரான்சுடன் போர் மூண்டு கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டபோது, அச்சபையைக் கட்டிக் காத்தவர்களுள் முதன்மையானவர் விக்டோரியா ரசோமனரிவோ என்னும் உயர்குடிப் பெண்மணி. 1989-இல் அவருக்கு ‘அருளாளர்’ பட்டம் வழங்கப்பட்டது. 1894-இல் சோவதனானா என்னும் சிற்றூரில், முன்னர்க் குறி சொல்லி மருத்துவம் பார்த்த ரைனிசோலம்போ தொடங்கிய எழுப்புதல் இயக்கமும் உள்நாட்டார் இயக்கமே. பிரெஞ்சு ஆட்சி 1896 முதல் 1960 வரை நிலவியது. அதன்பின், 1968-இல் லண்டன், பாரிஸ், குவேக்கர் மறைப்பணிகளின் வழிவந்த சபைகள் இணைந்து மடகாஸ்கர் இயேசு கிறிஸ்து திருச்சபை என ஒன்றாயின.

எண்ணிக்கை மிகுந்தது அரசி திருமுழுக்குப் பெற்ற பின்னரே. எனினும் வேர் ஆழ்ந்தது நூலை மண்ணில் புதைத்து, சொல்லை நெஞ்சில் காத்த காலத்திலாம். அச்சேறிய நூலைத் தடை செய்யும் ஆற்றல் அரசுக்கு உண்டு. மக்கள் தம் மொழியில் மனங்கொண்டுவிட்ட சொல்லைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. அதே அரசு அச்சொல்லைத் தன் கருவியாக்கிக்கொண்டபோது, பகைமையால் நேராத ஊறு சபைக்கு நட்பால் நேர்ந்தது. அரசவையின் ஆதரவை நாடும் எவ்வகை எழுத்துக்கும் இவ்வரலாறு பொருந்தும்.