கடலடி நிரப்பு இறுக்கம்

கடலடிக் குழாய்களுக்குத் தாங்குதளம் அமைக்கவும், குழாய் பதித்த அகழியை மூடவும் கொட்டப்படும் மணல், சரளை ஆகியவற்றை நெருக்கி உறுதிப்படுத்தும் பொறியியல் முறை.

தேவை: தளர்வாகக் கிடக்கும் மணல் சீரற்று அமிழ்ந்தால் குழாய் வளையும், அடியில் மணல் அரித்துப் போனால் குழாய் அந்தரத்தில் நின்று நீரோட்டத்தில் அதிரும். நிலநடுக்கமோ பேரலையோ தாக்கும்போது துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் (துளைநீர் அழுத்தம்) உயர்ந்து, தளர்ந்த மணல் திரவம்போல் ஆகிவிடும். அப்போது எடை குறைந்த எரிவாயுக் குழாய் மேலே மிதந்து வரக்கூடும். குழாய்க்குக் கான்கிரீட் உறையிட்டு எடை கூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறைகள்: பரவலானது அதிர்விறுக்கம். நீர்ப்பாய்ச்சலின் உதவியுடன் அதிர்வுக்கோலை மணலுக்குள் இறக்கி, படிப்படியாக மேலே இழுப்பார்கள். மணல்துகள்கள் நெருங்கி அமரும். 1930களில் ஜெர்மனியில் உருவான இம்முறை தூய மணலுக்கு ஏற்றது. களியும் வண்டலும் மிகுந்த நிரப்பில் பலிக்காது. அங்கே மண்ணை அகற்றிவிட்டு மணலோ கல்லோ இடுவார்கள். இறுகிய அளவைக் கூம்பு ஊடுருவல் சோதனையால் அறிவர். குழாய் பதித்தபின் அதனருகே கடும் அதிர்வு கூடாது என்பதால், தளத்தை முன்னரே இறுக்கிவிட்டு, மேல்மூடலுக்குக் கல் கொட்டுவது வழக்கம்.

எடுத்துக்காட்டுகள்: குழாய்ப் பணிகளுக்கு அப்பாலும் மணல் இறுக்கம் பயன்படுகிறது. நெதர்லாந்தில் 1986இல் திறக்கப்பட்ட ஊஸ்டர்ஸ்கெல்டே அலைத்தடுப்புக்காக, ‘மிட்டிலஸ்’ என்ற சிறப்புக் கப்பல் கடலடி மணலை இறுக்கியது. இலங்கையில் காலிமுகத்திடலை அடுத்துக் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேர் கொழும்புத் துறைமுக நகரிலும் நிரப்பு மணல் அதிர்விறுக்கத்தால் உறுதியாக்கப்பட்டது. அதன் கடல் நிரப்புப் பணி 2019இல் நிறைவடைந்தது.