எடைக்குறைப்பு மருந்தும் தசைக் காப்பும்

தசைக் காப்பு என்பது, செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற வாரம் ஒருமுறை போடும் ஊசிகளால் எடை குறையும்போது தசையும் கரைவதைத் தடுக்க மேற்கொள்ளப்படும் வலுப்பயிற்சியும் புரத உணவும் சேர்ந்த முறை. இம்மருந்துகள் பசியை அடக்குகின்றன. உணவு குறைய, உடல் கொழுப்போடு தசைப் புரதத்தையும் எடுத்துச் செலவிடுகிறது. பட்டினி கிடந்து இளைத்தாலும் இதுவே நடக்கும் என்பதால் பழியை மருந்தின்மேல் மட்டும் போடுவது சரியல்ல.

2021-இல் வெளியான ஸ்டெப் 1 என்ற மருத்துவ ஆய்வில் செமாக்ளுடைட் எடுத்தோர் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை இழந்தனர். அவர்களுள் ஒரு சிறு குழுவை உடலின் கொழுப்பையும் மற்ற நிறையையும் பிரித்துக் காட்டும் டெக்சா ஸ்கேனில் அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத நிறை எனத் தெரிந்தது. இந்த எண் பலரை மிரட்டியது. ஆனால் கொழுப்பல்லாத நிறை முழுதும் தசையன்று. நீரும் உள்ளுறுப்புகளும் அதில் அடங்கும்.

தசையைக் கரையாமல் காப்பது சுமைப் பயிற்சி. டம்பெல், ரப்பர் பட்டை, தண்டால், பஸ்கி என எதுவானாலும், வாரம் இரண்டு மூன்று நாள், சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்ய வேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் சுமைப் பயிற்சிக்கு ஈடாகாது. புரதம் நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பசியே இல்லாதவர் இதை எட்டுவதுதான் கடினம். முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சோற்றுக்கு முன்பே உண்பது உதவும். சிறுநீரக நோயாளிகளுக்கு இவ்வளவு புரதம் பொருந்தாமல் போகலாம். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

முதியோருக்குத் தசை இழப்பால் வரும் ஆபத்து அதிகம். மருந்தை நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பும். பயிற்சி இல்லாதபோது அது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது.