மந்தநிலையும் வழக்கு மன்ற வாசல்களும்

பொருளாதாரம் படித்துவிட்டுச் சட்டத்துக்குச் சென்ற என் முன்னாள் மாணவர் ஒருவர் கோவையில் வழக்குரைஞராக இருக்கிறார். எந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்றால் வேலை குறையாது என்று தொழிலில் நுழைந்தபோது என்னிடம் கேட்டார். வணிகச் சுழற்சியைக் கவனி என்றேன். பாடப்புத்தக விடை அது, பாதிதான் சரி.

வளர்ச்சிக் காலத்தில் நிலம் கைமாறுகிறது, நிறுவனங்கள் தோன்றுகின்றன, வங்கிகள் தாராளமாகக் கடன் தருகின்றன. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஆராய்ந்து கருத்துரை எழுதுவோருக்கு ஓய்விருக்காது. மந்தநிலை வந்தால் அந்த மேசைகள் காலியாகி, கடன் மீட்பு, காசோலை, பணிநீக்க வழக்குகள் பெருகுகின்றன.

ஆனால், பெருகும் வழக்குகள் எந்த வாசலில் வரிசையில் நிற்க வேண்டும் என்பதைச் சுழற்சி தீர்மானிப்பதில்லை, அரசு தீர்மானிக்கிறது. 1985-இல் எஸ்டேட் வரி ஒழிக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த ஒரு தொழில் பிரிவே மறைந்தது. மாறாக, பணமில்லாமல் காசோலை திரும்புவது 1989 ஏப்ரல் 1 முதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 2019 இறுதியில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகளே என்கிறது 2021-ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஏழில் ஒன்றுக்கும் மேல்! கடன் வசூலைக் குற்றவியல் நடுவரின் தலையில் கட்டியதன் விளைவு இது.

2016-இல் வந்த திவால் சட்டம் வேறொரு வாசலைத் திறந்தது. சரக்கு கொடுத்துப் பணம் வராத சிறு நிறுவனமும், 1 லட்சம் ரூபாய் நிலுவையிருந்தால் கோரிக்கை நோட்டீஸ் அனுப்பலாம். பத்து நாளில் பணமோ உரிய மறுப்போ வராவிட்டால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். மனு ஏற்கப்பட்டால் நிர்வாகம் இயக்குநர்களின் கையைவிட்டுப் போய்விடும். அந்த அச்சத்தில், நோட்டீஸ் கண்டவுடனேயே பணம் கொடுத்த பெரிய நிறுவனங்கள் உண்டு என்பார் என் மாணவர்.

2020 மார்ச் 24 அன்று அந்த வரம்பு 1 கோடியாக உயர்த்தப்பட்டது. பொதுமுடக்க நெருக்கடியில் சிறு, குறு நிறுவனங்கள் திவால் நடவடிக்கைக்கு இழுக்கப்படாமல் காப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆயினும், சிறு நிறுவனம் கடனாளி மட்டுமன்று. பெரும்பாலும் பெரிய நிறுவனத்திடம் பணத்துக்குக் காத்திருக்கும் கடன்கொடுத்தோனும்கூட. அதன் பாக்கி 12 லட்சமாகவோ 40 லட்சமாகவோ இருக்கும். பெருந்தொற்றுக் காலக் கடன்தவறல்களுக்கு அளித்த விலக்கு ஓராண்டோடு முடிந்தது. வரம்பு மட்டும் இறங்கவில்லை.

இத்தகையோருக்கு 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறதே என்பர். ஏட்டளவில் வலுவான சட்டம்: 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி, வசதியாக்கல் மன்றம் 90 நாளில் முடிவு செய்ய வேண்டும். அந்த 90 நாளில் முடிந்த வழக்கு ஒன்றையும் தாம் நடத்தியதில்லை என்கிறார் என் மாணவர். தவிரவும், அடுத்த கொள்முதல் ஆணையை எதிர்பார்த்திருப்பவர் வாடிக்கையாளர்மீது எளிதில் புகார் கொடுப்பதில்லை. தேவை என்பது விருப்பமன்று, வாங்கும் திறனோடு கூடிய விருப்பம் என்று முப்பதாண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். சட்டச் சேவைக்கு அது எவ்வளவு கடுமையாகப் பொருந்தும் என்பதை ஓய்வுபெற்ற பின்னரே உணர்ந்தேன்.

திவால் சட்டம் கடன் வசூலிக்கும் கருவியன்று என்று உச்சநீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. ஏற்கிறேன். இருப்பினும், 1 லட்சம் மிகக் குறைவென்றால் 1 கோடி மிக அதிகம். இவ்விரண்டுக்கும் இடையே வரம்பை நிர்ணயிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும்.