பேரனின் பெயரும் பெரிய கணிதமும்

தாம்பரம், சேலையூர் அடுக்ககங்களில் நம் வைஃபை கடவுச்சொல் பெரும்பாலும் பேரனின் பெயர்தான். அல்லது கைபேசி எண். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையில், கைபேசியும் மோடமும் கைகுலுக்கும் தொடக்கப் பரிமாற்றத்தை அண்டைவீட்டார் பதிவுசெய்தால் போதும். பிறகு ஓய்வாக, ஆயிரமாயிரம் சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம்.

1976இல் டிஃபியும் ஹெல்மனும், பலரறியப் பேசியே ரகசியச் சாவியை உருவாக்கும் வழி கண்டனர். எதிரில் இருப்பவர் யாரென்று அது கேட்பதில்லை. 1992இல் பெல்லோவினும் மெரிட்டும் அப்பரிமாற்றத்தையே கடவுச்சொல்லால் பூட்டினர். உள்ளிருப்பது தற்செயல் எண். ஆகவே தவறான ஊகமும் சரியானதைப் போலவே தோற்றமளிக்கும். ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரில் வந்து கதவைத் தட்டியாக வேண்டும். நம் மறதியை மதித்த கணிதம் இது!

காப்புரிமைத் தயக்கங்களும் சேர்ந்துகொள்ள, அக்கருத்தின் வழிவந்த டபிள்யூபிஏ3 வீட்டு வைஃபைக்கு 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. பழைய மோடத்தை மாற்றாத வீடுகளில் பேரனின் பெயர் இன்னும் காற்றில் ஊகத்துக்குக் கிடைக்கிறது.