சாவா மூவாப் பேராடும் எதிர்வீட்டு நாயும்

போன வருஷம் மே மாதம் எதிர்வீட்டுத் தம்பி குடும்பத்தோடு மாமியார் ஊருக்குக் கிளம்பினார். தன் நாய் வெள்ளையனின் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, பத்து நாளைக்கு இவனைப் பாத்துக்கிடுங்க.” நானும் “அதுக்கென்னப்பா, நீ போயிட்டு வா” என்றேன். ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறைந்தது.

முப்பத்தொரு வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவன் நான். அரை சென்ட் இடமானாலும் நான்கெல்லை எழுதாமல் விட்டதில்லை. கிணற்றில் பாதிப் பாத்தியம் என்றால், எந்தக் கிழமை யார் மோட்டார் போடுவது என்றுகூட இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதுவேன். உயிருள்ள ஒன்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்த அன்று மட்டும் ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் மதியம். மாடிப்படிக்கு அடியில் வெள்ளையன் படுத்திருந்தான். சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழவில்லை. கை தட்டினேன். வயிறு ஏறி இறங்கியதே தவிர, காது நுனிகூட அசையவில்லை. குனிந்து முதுகைத் தொட்டேன். தொட்ட வேகத்தில் என் வலது கட்டைவிரலின் அடிச்சதையில் பல் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவனே விட்டுவிட்டான். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். “தடுப்பூசி போட்ட நாயா?” என்று கேட்டார்கள். தம்பிக்கு போன் போட்டேன். போட்டாயிற்றாம், அட்டை பூட்டின வீட்டுக்குள் பீரோவில் இருக்கிறதாம். கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே சொன்னார்: “அவனுக்குப் பிறந்ததிலேருந்தே காது கேக்காது அண்ணாச்சி. சொன்னா வேண்டாம்னுருவீங்களோன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய உண்டு. எந்த நிறமில்லாமை அந்த வெள்ளையைத் தருகிறதோ, அதுவே உள்காதையும் பாதிக்கிறது. கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டால் அது பயந்து கடிக்கும். அதன் மேல் குற்றமில்லை. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

கையில் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில், அலமாரியிலிருந்த 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் புரட்டினேன். 148-ஆம் பிரிவிலிருந்து ஒரு பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றி வருகிறது. 150-ஆம் பிரிவில், தன் குதிரை முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் இரவல் கொடுத்த கதை உதாரணமாக இருக்கிறது. குதிரை தறிகெட்டு ஓடி, வாங்கியவர் விழுந்து அடிபடுகிறார். நஷ்டம் கொடுத்தவரைச் சேரும். குதிரை இருந்த இடத்தில் எனக்கு வெள்ளையன் தெரிந்தான். தனக்குத் தெரிந்த குறையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிட வேண்டியது உடையவர் கடமை என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். 151-ஆம் பிரிவு என் பங்கைச் சொல்கிறது: நிதானமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டால் அவசியச் செலவை உடையவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 158. வெள்ளையன் இரண்டாம் நாள் வாந்தி எடுத்தபோது ஆட்டோவுக்கும் மருந்துக்கும் நான் கொடுத்த காசு அந்தக் கணக்கில் வரும். சட்டம் வாங்கிக்கொள் என்கிறது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

இந்த ஒப்பந்தச் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முந்தைய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு இன்னும் கறாரானது. விலங்கு யாருடையது என்று அது கேட்பதில்லை, யார் வசம் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையில் அதுவே 291-ஆம் பிரிவு. வெள்ளையன் என்னை விட்டுப் பால்காரரைக் கடித்திருந்தால், அவனை அலட்சியமாக விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். சங்கிலியை வாங்கிய அந்தக் காலையில் இது என் நினைவிலேயே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த யோசனை என்று நினைத்தால் தப்பு. மனுநூலில் எனக்கு ஒப்பாத விதிகள் ஏராளம். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் மேய்ப்பனுக்கும் உடையவனுக்கும் வரும் வழக்கைப் பற்றிய பகுதி கவனமாக எழுதப்பட்டது. பகலில் ஏற்படும் குறைக்கு மேய்ப்பன் பொறுப்பு. இரவில் மாடு உடையவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் உடையவன் பொறுப்பு. திரும்பாவிட்டால் இரவும் மேய்ப்பன் தலையில்தான். பாபிலோனின் ஹமுராபி கல்லில் வேறொரு கோடு இருக்கிறது. தெய்வச் செயலாலோ சிங்கம் அடித்தோ கிடையில் உயிர் போனால் நஷ்டம் உடையவனுக்கு, மேய்ப்பன் கவனக்குறைவால் நேர்ந்தால் மேய்ப்பனுக்கு.

நம் ஊர்க் கல்வெட்டுகளுக்கு வந்தால் என் தொழில் மேலேயே எனக்கு மரியாதை கூடுகிறது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அந்த மந்தை இடையர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்றால் எந்த உழக்கு என்று பின்னால் சண்டை வரக்கூடாதல்லவா? ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலின் அளவுப்படி என்று அதையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். எந்த விளக்குக்கு எந்த இடையர் என்று பெயர் இருக்கும். சில இடங்களில் அவருக்குப் பிணை நின்றவர் பெயரும் இருக்கும்.

அந்த மந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் செத்ததற்குப் பதில் குட்டி ஒன்று எண்ணிக்கையில் சேர்ந்துவிட வேண்டும். 96 எப்போதும் 96. நோயில் போனாலும் நரி தூக்கினாலும் இடையர் கோயில் வாசலுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டியதில்லை, கோயிலும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, எண்ணிக்கைக்கு மேல் பெருகியது அவருக்கு. ஆபத்தை ஏற்றவருக்கே பெருக்கமும் என்ற இந்த ஏற்பாட்டை நான் எழுதிய எந்தப் பத்திரத்தையும்விட நேர்த்தியானதாக நினைக்கிறேன். 1872-ஆம் வருஷச் சட்டத்தில் இதற்கு நேர்மாறு: ஒப்படைத்த பசு கன்று போட்டால் பசுவோடு கன்றும் உடையவருக்கு. ஆனால் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதபோது மட்டும் என்று அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வாயைத் திறந்து பேசினால் சட்டம் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

என் தாத்தா இரண்டு வழியையும் சேர்த்துப் பாதியாக்கினவர். வாரத்துக்கு ஆடு விடுவார். தாய் ஆடு அவருடையது. ஈன்ற குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி வளர்ப்பவருக்கு. ஒற்றைக் குட்டியானால் வளர்ந்ததும் விற்றுக் காசைப் பங்கிடுவார்கள். எங்கள் ஆட்டுக்கு இடது காதில் அம்பு முனை மாதிரி ஒரு வெட்டு உண்டு. ஆடு செத்துவிட்டால், எவ்வளவு தூரத்தில் கிடை போட்டிருந்தாலும் வளர்ப்பவர் அந்தக் காதை அறுத்து உப்புத் தடவி எடுத்து வந்துவிடுவார். திண்ணையில் துணியை விரித்து அதைக் காட்டியபோது எனக்கு ஏழெட்டு வயது. காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது. தாத்தா அதை விரலால் நீவி வெட்டைப் பார்த்தார். “சரிப்பா, மோர் குடி” என்றார். ஒருவரை ஒருவர் சந்தேகிக்க இடமில்லாமல் போனது. செத்த மாட்டின் காதையும் தோலையும் வாலையும் உடையவனிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மனுநூலும் சொல்வதை, நாய் கடித்த கையோடு படித்த அன்றுதான் கண்டேன். நூல் படித்து அந்த மனிதர் காதைக் கொண்டுவரவில்லை. ஆடு பிடித்துப் போன அன்றே இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

தம்பி ஊரிலிருந்து வந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக் கண் கலங்கினார். மருந்துச் செலவை அவராகவே கேட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வாங்காமல் பெருந்தன்மை காட்டியிருந்தால், அடுத்த முறை என்னிடம் வரக் கூசி வெள்ளையனை வேறெங்கோ விட்டிருப்பார்.

இந்த மே மாதம் சங்கிலியோடு ஒரு முழுத்தாளும் வந்தது, அவர் கையெழுத்தில். காது கேட்காது. தடுப்பூசி அட்டை இணைத்திருக்கிறேன். காலை ஒரு வேளை மாலை ஒரு வேளை சோறு, கோழி எலும்பு கூடாது. வாந்தி, பேதி என்றால் எங்களைக் கேட்டுக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போகலாம், செலவு எங்களது. எல்லோரையும் மீறி ஏதாவது ஆகிவிட்டால் அண்ணாச்சி மேல் வருத்தமில்லை. இந்தக் கடைசி வரியை எழுத அவருக்கு நேரம் பிடித்திருக்கும். அங்கே மட்டும் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார். என் பங்குக்கு நானும் கீழே எழுதினேன்: தெருவுக்குச் சங்கிலியோடுதான் கூட்டிப் போவேன்; வீட்டுக்கு வரும் பிள்ளைகளைத் தொட விடமாட்டேன்; கதவு திறந்து ஓடிவிட்டால் அது என் பொறுப்பு. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வெள்ளையன் அதே மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்தான். தாளில் அவர் எழுதியிருந்தபடி, இரண்டடி தள்ளி உட்கார்ந்து தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். அதிர்வு வயிற்றுக்குப் போயிருக்க வேண்டும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.